இரண்டு தட்டு

காலியான டேங்கிலிருந்து பதில் வந்தது.

கலியமூர்த்தி சுத்தியலைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். முதலில் தட்டியது அவன்தான். படகின் மேல்தகட்டில் இரண்டு தட்டு, எப்போதும் தட்டுகிற மாதிரி. அதற்கு அடியிலிருந்து, படகின் வயிற்றுக்குள்ளிருந்து, கை முட்டியால் கதவைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு திரும்பி வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது, பக்கத்து யூனிட்டில் பிரஸ் மிஷின் இடித்துக்கொண்டிருந்தது. அத்தனை சத்தத்திலும் அது தனியாகக் கேட்டது. கேட்டதோடு நிற்காமல் உள்ளங்காலிலும் ஏறியது.

"இன்னா மச்சான், யாராச்சும் உள்ள கீறானா?" என்றான் கலீல் ரகுமான், கையில் வெல்டிங் டார்ச்சோடு.

"நீயும் நானும் இங்க நிக்கறோம். உள்ள யாருடா இருப்பான்?"

"அப்ப யாரு தட்டுனா?"

அந்த ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. எந்த டேங்கை மூடினாலும் கடைசித் தகட்டைப் பற்றவைக்கும் முன்பு வெளியே நிற்பவன் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் அவனும் இரண்டு தட்டுவான். பதில் வந்தால் தலை போகிற அவசரமானாலும் நெருப்பு வைக்கக் கூடாது. கலீல் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவன் டேங்குக்குள் அசந்து தூங்கியிருக்கிறான். தெரியாமல் மூடிப் பற்றவைத்துவிட்டார்கள். பிறகு வெட்டித் திறந்தபோது கலீல் பக்கத்தில் நின்றிருந்தான். என்ன பார்த்தான் என்று இதுவரை அவன் சொன்னதில்லை. திருமழிசையில் இருவரும் சேர்ந்து வெல்டிங் ஷெட் போட்ட அன்றைக்கே இந்தச் சட்டத்தையும் போட்டுவிட்டான்.

தகட்டை நகர்த்தி, டார்ச் லைட் அடித்துப் பார்த்தார்கள். வெறும் டேங்க். குறுக்குச் சட்டங்கள், அடித்தகடு, அவ்வளவுதான்.

அது ஏரி வெள்ளத்தில் ஆட்களை மீட்கப் போகும் அலுமினியப் படகு. மேல்தளத்துக்கும் அடித்தகட்டுக்கும் நடுவில் ஒரு முழ உயரத்துக்கு மூடின காற்று டேங்க் ஓடுகிறது. அந்தக் காற்றுதான் படகை மிதக்க வைக்கிறது. நடுமுதுகு வெல்டிங் நெடுக விரிசல். அடித்தகடு வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போய், நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. அரித்த இடத்தை வெட்டி எடுத்து ஒட்டுப் போட்டார்கள். விரிசல் மேற்கொண்டு ஓடாமலிருக்க அதன் இரு முனையிலும் துளை போட்டு, நடுவைக் கிரைண்டரால் தோண்டி, ஆர்கான் வெல்டிங் வைத்தார்கள். எல்லாம் முறைப்படி. ஆனால் மறுநாள் காலையில் வந்து பார்த்தால் துளையைத் தாண்டி விரிசல் ஓடியிருக்கும். கலியமூர்த்திக்கு இந்தத் தொழிலில் இப்படி ஒரு அவமானம் நேர்ந்ததே இல்லை. துளையைத் தாண்டி ஓடுவதாவது! சனியன் பிடித்த படகு.

படகின் விளிம்பைப் பார்த்தால் இன்னும் மோசம். இரண்டு பக்கமும் நீளத்துக்குப் பள்ளம் பள்ளமாக அடி வாங்கியிருந்தது. பாறையில் மோதினால் வெளியிலிருந்துதான் அடி விழும். இது உள்ளே நின்று மேலிருந்து கீழாக ஓங்கி அடித்த அடி. விளிம்பின் மடிப்புக்குள் ஏதோ சிக்கியிருக்கிறதே என்று ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான். வெளியே வந்து விழுந்தது ஒரு நகம். மருதாணி போட்ட, முழு நகம்.

படகை லாரியில் கொண்டுவந்த சின்னசாமியிடம் கேட்டான். அவன்தான் இதன் படகோட்டி. பீடியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னான்.

"போன மழைக்கு நடந்தது அண்ணாத்தே. போட்டுல நிக்க எடமில்ல, ஓரத்தப் புடிச்சுகினு இன்னும் ஒரு கும்பல் தொங்குது. கவுந்தா அத்தினி பேரும் காலி. நான் இன்னா பண்ணுவேன்? பைப்ப எடுத்தேன், கைங்கள அட்ச்சேன். உட்டாங்க. உள்ள இருந்தவங்க பொழச்சாங்க."

"உட்டவங்க?"

சின்னசாமி மழையைப் பார்த்துப் புகையை விட்டான். அந்த பைப் இன்னும் படகின் முனையிலேயே கிடந்தது. ஒரு முனையில் பிடிக்க வசதியாக சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது.

இதையெல்லாம் கேட்ட பிறகு கலியமூர்த்திக்கு அந்தப் படகைத் தொடவே பிடிக்கவில்லை. வேறு சமயமாக இருந்தால் எடுத்துக்கொண்டு போய்யா என்றிருப்பான். ஆனால் மதியம் பக்கத்து யூனிட் ஆபீசுக்கு அவனுக்கு போன் வந்தது. கோவில்பதாகையிலிருந்து எதிர் வீட்டுக் குப்பம்மா ரேஷன் கடை போனில் அலறினாள். ஏரி நிறைந்து தெருவுக்குள் வந்துவிட்டது, இடுப்பளவு தண்ணீர், அவன் பெண்டாட்டி வசந்தகுமாரியைத் தன் வீட்டு மொட்டை மாடியில் ஏற்றி உட்கார வைத்திருக்கிறாள், ஏறிக்கொண்டே இருக்கிறது, போட் வரும் என்கிறார்கள், எங்கே போட்?

எங்கே போட்! இங்கே, அவன் ஷெட்டில், கட்டைகள் மேல் வயிறு கிழிந்து கிடக்கிறது.

வசந்தகுமாரிக்கு ஏழு மாதம். போன வெள்ளிக்கிழமைதான் வளைகாப்பு. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், சிவப்பும் பச்சையும், நடுவில் ஒரு வேப்பிலைக் காப்பு. பிரசவம் வரைக்கும் கழற்றக் கூடாது. அவள் புரண்டு படுத்தால் சலசல, சோறு பிசைந்தால் சலசல. "உன்னக் கட்டிக்கினு திருடக்கூடப் போவ முடியாதுடி" என்று கேலி செய்வான். வேண்டுமென்றே அவன் காதருகில் கையைக் குலுக்கிக் காட்டுவாள். அங்கே போய்க் கரையில் நின்று கத்தி என்ன ஆகப்போகிறது? படகு போனால்தான் அவள் இறங்குவாள். படகு போக வேண்டுமென்றால் இந்த டேங்கை மூட வேண்டும்.

மூட வந்தால் தட்டுகிறது.

அன்றைக்கு மட்டும் எத்தனை முறை தகட்டை வைத்து, தட்டி, பதில் கேட்டு, திறந்து, ஒன்றுமில்லாமல் மறுபடி வைத்தார்கள் என்று கணக்கில்லை. கலீல் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டான்.

"என்னால முடியாது மச்சான். பதில் வந்தா நான் வெக்க மாட்டேன். அது நம்ம சட்டம்."

"டேய், அலுமினியம்டா. வெல்டிங் சூடு ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது டப்பு டப்புன்னு சத்தம் வரத்தான் செய்யும்."

"ரெண்டே ரெண்டு தட்டா? நாம தட்டுனப்புறமா?"

"ஆமா. அப்படித்தான் வரும்." அவனே அதை நம்பவில்லை. "அங்க வசந்தா மாடியில நனைஞ்சுகினு உக்காந்திருக்கா. இது தட்டுது அது தட்டுதுன்னு நீ நின்னீன்னா, நான் அவள உயிரோட பாக்க மாட்டேன். தட்டுனா தட்டட்டும். நீ மூடு."

கலீல் அவன் முகத்தையே பார்த்தான். "தங்கச்சிக்காகச் சரி. நீ சொல்றதால சரி" என்றான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. கலீல் கேனை எடுத்துக்கொண்டு, அந்தி நேர மஃரிப் தொழுகையும் முடித்துக்கொண்டு வந்துவிடுவதாகக் கிளம்பினான். கலியமூர்த்தி பையைத் தோளில் மாட்டினான்.

"நீ வரும்போது நான் இல்லன்னா ஊருக்கு பஸ் ஏறிட்டேன்னு வெச்சுக்கோ. இந்தத் தகடு மட்டும்தான் பாக்கி, நீயே முடிச்சு அனுப்பிடு. தட்டுதுன்னு நிக்காத. புரியுதா?"

"புரியுது போ. மொதல் நடையிலயே தங்கச்சிய ஏத்தச் சொல்றேன்."

கலீல் போனதும் ஷெட்டில் மழை மட்டும் மிச்சமிருந்தது. வெளிச்சம் மங்கி அலுமினியத்தின் மேல் சாம்பல் நிறமாகப் படிந்திருந்தது. காற்றில் கருகிய உலோக வாடை, அதோடு தேங்கின குட்டைத் தண்ணீரின் வாடை. படகு ஏரியை விட்டு வந்து எத்தனையோ நாளாயிற்று, இந்த வாடை மட்டும் போகவில்லை. கலியமூர்த்தி வாசல் பக்கம் நடந்தான். சொட். பின்னால் ஏதோ சொட்டியது. திரும்பிப் பார்த்தான்.

விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சிவப்புச் சாயத்தை அடித்துத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பூச்சு அடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலாக இருந்தாலும் அதற்குள் புகுந்த சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாக ஊறி வரும். மத்தியானம் அப்படி அடித்தபோது ஒரு கோடும் வரவில்லை. இப்போது கட்டைகளின் மேல் நிற்கிற படகின் அடியில், வெள்ளைப் பூச்சில், முனையிலிருந்து பின்பக்கம் வரை ஒரு சிவப்புக் கோடு. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தடித்தது. சொட்டியது.

கை நீட்டித் தொட்டான். சாயம் என்றால் மண்ணெண்ணெய் மாதிரி நாற வேண்டும். இது நாறவில்லை. வெதுவெதுப்பாகப் பிசுபிசுத்தது.

ஓடிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. கால் வாசலைப் பார்த்துத் திரும்பியும்விட்டது. ஆனால் இந்த விரிசலின் மேல்தான் வசந்தகுமாரி உட்காரப் போகிறாள். நடு ஏரியில் இது பிளந்தால்? வயிற்றுப் பிள்ளையோடு? ஒரு நிமிஷம். உள்பக்க வெல்டிங் தையலை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். பையைக்கூடக் கழற்றாமல், டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, மேல்தகட்டின் ஓட்டைக்குள் இறங்கினான்.

டேங்குக்குள் உட்காரவும் முடியாது. வயிற்றால்தான் ஊர்ந்து போக வேண்டும். குறுக்குச் சட்டங்களின் கீழே தலையைத் திருப்பித் திருப்பி, முனைப் பக்கம் ஊர்ந்தான். அடித்தகடு ஈரமாக இருந்தது. மூடின ஷெட்டில், கட்டைமேல் நிற்கிற படகில், எங்கிருந்து ஈரம்? கடைசிச் சட்டத்தைத் தாண்டி லைட்டை அடித்தான். தையல் பளபளவென்று முழுசாக இருந்தது. ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

அப்போது அவன் கணுக்காலை ஒரு கை பிடித்தது.

கலீல் என்றுதான் முதலில் நினைத்தான். நினைக்கத்தான் விரும்பினான். பிடி குளிர்ந்திருந்தது. விரல்கள் வளைகிற பக்கம் வளையவில்லை. உடைந்து, கோணலாக, ஆனால் விடாமல் பிடித்தன. இன்னொரு கை முழங்காலில். இன்னொன்று இடுப்பில். உதைத்தான். லைட் வாயிலிருந்து விழுந்து உருண்டு அணைந்தது. முடியைப் பிடித்தார்கள். தலையைப் பின்னால் இழுத்துக் குறுக்குச் சட்டத்தில் மோதினார்கள். பல் உடைந்தது. மறுபடி மோதினார்கள். மூக்கு. மறுபடி. வாய் முழுக்க இரத்தம். "வசந்தா" என்று சொல்லப் பார்த்தான். மறுபடி.

ஜெனரேட்டர் சத்தத்தில் நினைவு வந்தது.

ஒரு கண் திறக்கவில்லை. மற்றொரு கண்ணுக்குத் தூரத்தில், ஓட்டை இருந்த பக்கம், மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. கலீல்! கலீல் வந்துவிட்டான். டார்ச் லைட் உள்ளே இறங்கி, அடித்தகட்டைத் தடவி, சட்டம் சட்டமாகத் தாண்டி, அவன் காலை நோக்கி வந்தது. பாதத்தைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. அதற்குள் ஏதோ ஒன்று அவன் காலை மெதுவாக, குழந்தையின் காலை மடக்குவதுபோல் மடக்கி, வெளிச்சத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டது.

கத்தினான். கத்த வாய் திறந்ததும் ஈரக் கை வந்து மூடியது. ஏரிச் சேறு நாக்கில் பட்டது.

"யாருமில்ல" என்றது கலீலின் குரல்.

"அவரு பஸ் ஏறியிருப்பாரு அண்ணாத்தே. பையக் காணோமே. சீக்கிரம் ஆவட்டும், இருட்டிகினு வருது" என்றது படகை ஏற்றிப்போக வந்த சின்னசாமியின் குரல்.

தகடு சரசரவென்று நகர்ந்து ஓட்டையின் மேல் விழுந்தது.

பிறகு, இரண்டு தட்டு.

அடக் கடவுளே! கலீல் சட்டத்தை விடவில்லை. கலியமூர்த்தி ஒரு கையை உருவிக்கொண்டு மேல்தகட்டில் தட்டினான். ஒன்று. இரண்டு. தன் உயிர் முழுவதையும் முட்டியில் வைத்துத் தட்டினான்.

மேலே கலீல் தயங்குகிறான். தயங்குடா, திறடா, ஒரே ஒருமுறை திறந்து பாருடா.

"இப்பவும் தட்டுதே" என்றான் சின்னசாமி.

"அது ஒண்ணுமில்ல. அலுமினியம் சுருங்குதாம். மச்சான் சொல்லிட்டுத்தான் போனான்." கலீல் டார்ச்சை எடுக்கும் சத்தம் கேட்டது. "பிஸ்மில்லா."

தகட்டின் ஓரத்தில் நீல வெளிச்சம் வெடித்தது. அந்த வெளிச்சத்தில், ஒரு விநாடி, அவனைச் சுற்றி இருந்தவற்றைப் பார்த்தான். டேங்க் முழுக்க. அடுக்கடுக்காக. ஊறி வெளுத்த முகங்கள். எல்லாம் அவனையே பார்த்தன. எல்லாரும் நொறுங்கின கையை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார்கள்.

மறுபடி தட்டினான். இம்முறை அவன் விரல்களின் மேல் அடி விழுந்தது. இரும்படி. தகட்டுக்கும் அடிக்கும் நடுவில் விரல் நசுங்கியது. கையை இழுத்தான். இன்னொரு கையால் தட்டினான். அதிலும் அடி. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அடித்த கையைத் தேடினான், இல்லை. பைப்பைத் தேடினான், இல்லை. அடி மட்டும் விழுந்தது. ஓரம் பிடித்தவர்களுக்கு எப்படி விழுந்ததோ அப்படி, விரல் விரலாக.

நீலக் கோடு மெதுவாக நகர்ந்து, மூலைக்கு வந்து, நின்றது. இருட்டு.

லாரி குலுங்கியது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டின் ஹாரன் சத்தமும் கண்டக்டர் கத்தலும் தகட்டின் வழியாக வந்து தேய்ந்தன. ஆவடி ரோட்டுப் பள்ளங்களில் தலை இடித்தது. காற்று குறைந்து நெஞ்சு அடைத்தது. கைகள் அவனை அழுத்திப் பிடித்திருந்தனவே தவிர மேற்கொண்டு ஒன்றும் செய்யவில்லை. எதற்கோ காத்திருந்தன.

பிறகு படகு சரிந்தது. அடித்தகட்டுக்குக் கீழே தண்ணீர் சலசலத்தது. இன்ஜின் உறுமியது. குரல்கள், அழுகை, மேலே தபதபவென்று கால்கள். ஆட்கள் ஏறுகிறார்கள். கோவில்பதாகை! கையால் முடியாது என்று நெற்றியால் முட்டினான். இரண்டு முட்டு. இரண்டு முட்டு.

"கீழ ஏதோ தட்டுதுங்க" என்றாள் ஒரு பெண்.

"அது அப்படித்தாம்மா தட்டும். அலுமினியம் சுருங்குது. ரிப்பேர் பண்ணவரே சொன்னாரு" என்றான் சின்னசாமி. "போதும் போதும், ஏறாதீங்க! கைய உடு! அடுத்த நடைக்கு வரேன்!"

படகு ஒரு பக்கம் சாய்ந்தது. விளிம்பை நிறையக் கைகள் பற்றின. டொக், டொக், டொக் என்று ஒவ்வொரு கையும் அலுமினியத்தில் விழுவது அவன் காதுக்கு நேராகக் கேட்டது.

அதற்குப் பிறகு ஒரு கை விழுந்தது.

சலசல.

அவனுக்குத் தெரியும். அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

"அண்ணா, புள்ளத்தாச்சிண்ணா! என் ஊட்டுக்காரருதாண்ணா இந்தப் போட்ட ரிப்பேர் பண்ணாரு, ஏத்திக்கோண்ணா!"

"கைய உடு! கவுந்துடும்! உடுன்னா உடமாட்டே?"

பைப் தகட்டில் உரசி மேலே எழும் சத்தம் கேட்டது. கலியமூர்த்தி முட்டினான். முட்டினான். நெற்றி பிளந்தது.

பைப் இறங்கியது. கண்ணாடி நொறுங்கியது.

மறுபடி இறங்கியது.

மறுபடி.

இன்ஜின் வேகமெடுத்தது. மேலே யாரோ தேம்பினார்கள்.

டேங்குக்குள் கைகள் ஒவ்வொன்றாக அவனை விட்டன. நகர்ந்து, ஒடுங்கி, பக்கத்தில் ஒரு ஆள் படுக்க இடம் விட்டன. அந்த இடத்தில் தண்ணீர் சொட்டியது. கனமாக ஏதோ வந்து சரிந்தது. அவன் காதருகில், வெகு பக்கத்தில், மிச்சமிருந்த வளையல்கள் சலசலத்தன.

ஈரமான ஒரு கை இருட்டில் தடவித் தடவி வந்து அவன் முகத்தைக் கண்டுபிடித்தது. அதன் விரல்கள் எதுவும் நேராக இல்லை. நெற்றியைத் தடவியது. பிறகு மேலே நீண்டு, மூடின தகட்டில், இரண்டு தட்டுத் தட்டியது.